தலைவர் வைக்க வேண்டிய பெயர்

செக்ரட்டரி அண்ணன் தாலி கட்டியது முகூர்த்த நேரத்தில் இல்லை, தபால்காரர் வந்துபோன பிறகு. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தப் பந்தலில் வயிறு காய்ந்து உட்கார்ந்திருந்தவள் நான். மெட்ராஸில் இருக்கும் ஒரு சினிமா நடிகருக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தார். அங்கிருந்து வாழ்த்து வந்த பிறகுதான் தாலி என்று ஒரே பிடிவாதம். ஐயர் கையைப் பிசைந்தார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. பெண் குனிந்த தலை நிமிராமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் சைக்கிளில் வந்தார், பக்கத்து வீட்டுக்கு ஏதோ கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு, கப்பலில் தாமதமாகியிருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு முடிச்சுப் போட்டார்.

வாழ்த்து வரத்தான் செய்தது, அந்தப் பெண், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், முழுகாமல் இருந்த சமயத்தில். நடிகரின் படம், கீழே ரப்பர் முத்திரையில் ஒரு கையெழுத்து. அதற்குக் கண்ணாடி போட்டு நடு வீட்டில் மாட்டினார். கல்யாணப் படத்துக்கு அதன் கீழேதான் இடம் கிடைத்தது.

நாங்கள் அடுத்தடுத்த வீடு. இங்கே மலேசியாவில் கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பின்னால் அப்போது ஒரு பலகை வீட்டு வரிசை இருந்தது, ரயில் போனால் அடுப்படியில் தட்டுமுட்டெல்லாம் ஆடும். அவர் பஸ் கண்டக்டர். அது வயிற்றுக்கு. மற்றபடி அவர் அந்த நடிகருடைய ரசிகர் மன்றத்தின் கிள்ளான் கிளைச் செயலாளர். கிளைத் தலைவர்கள் மாறினார்கள், பொருளாளர் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு வேறு நடிகருக்கே போய்விட்டார், இவர் மட்டும் அசையவில்லை. பஸ்ஸில் ஏறுகிற மலாய்க்காரர்கள், சீனர்கள்கூட அவரைச் செக்ரட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் எனக்கே பல வருஷம் தெரியாது. தெரிந்த பிறகும் வாயில் வரவில்லை, இங்கேயும் அது வேண்டாம்.

கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். குடிகாரனாகவோ கைநீட்டுகிறவனாகவோ இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன். வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசை முழுக்க வீடு வீடாகப் போனவர் அவர். நடிகரைத் தலைவர் என்றுதான் சொல்வார். ஒவ்வொரு வாசலிலும், தலைவர் கொடுத்தனுப்பியது என்று சொல்லித்தான் அளந்து கொடுத்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அரிசி வாங்குன கடையே எனக்குத் தெரியும்ணே. உங்க தலைவர் எப்ப வந்து வாங்குனாரு?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "காசு என்னுது. மனசு அவரு குடுத்தது லா" என்றார், எங்கள் ஊர்ப் பேச்சின் லாவோடு.

அவர் அப்படித்தான். பஸ்ஸில் காசில்லாத கிழவியை ஏற்றிக்கொண்டாலும் தலைவர் பெயரால்தான். எதிர்வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, தலைவர் ரத்தம் என்று சொன்னார். நல்லது எல்லாம் அங்கிருந்துதான் வரவேண்டும். தன் கையால் செய்ததைக்கூடத் தன்னுடையது என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. இதெல்லாம் ஒரு வகையில் அழகாகத்தான் இருந்தது, பிள்ளை பிறக்கிற வரைக்கும்.

பிள்ளை பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மத்தியானம், சரியான மழை. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்கவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக் கிழவி ஒருத்தி கடைசி வீட்டில் இருந்தாள், அவள்தான் கொடி அறுத்தாள். பெண் குழந்தை. நான் குளிப்பாட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தேன். அண்ணன் காக்கிச் சட்டை நனைய ஓடிவந்து வாங்கிக்கொண்டார். அழுதார். அழுதுகொண்டே சொன்ன முதல் வார்த்தை, தலைவர்தான் பேர் வைக்கணும் என்பது.

மன்றத்துக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை மேடைக்குத் தூக்கிப் போவார்கள், நடிகர் கையில் வாங்கி ஒரு பெயரைச் சொல்வார், கூட்டம் கை தட்டும். ஊருக்குள் அந்தப் பிள்ளைக்கு ஒரு மதிப்புத்தான். அந்த வருஷம் அவர் மலேசியா வருவதாகப் பேச்சு இருந்தது. வரவில்லை. அடுத்த வருஷமும் பேச்சு இருந்தது, வரவில்லை. அண்ணன் மெட்ராஸுக்குக் கடிதம் எழுதிப் பெயர் கேட்டார். பதிலுக்கு அதே படம், அதே ரப்பர் கையெழுத்து வந்தது. பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, எங்கள் வாசலில் வந்து பிஸ்கட் கேட்டது. பெயர் மட்டும் வரவில்லை. ஊருக்கெல்லாம் அது பாப்பா.

பெயர் இல்லாததுகூடப் போகட்டும். சூராட் பெரானாக் எடுக்கவில்லை. பிறப்புப் பத்திரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் பிள்ளை பிறக்கவே இல்லை என்று அர்த்தம். பின்னால் ஐசி என்கிற அடையாள அட்டை கிடைக்காது, பள்ளிக்கூடம் தகராறு, ஒன்றும் நடக்காது. அரசாங்க வேலை பார்த்த ஒருவர் எங்கள் வரிசையில் இருந்தார், அவரே வந்து சொன்னார். முதலில் பிள்ளையைப் பதிந்துவிடுங்கள், பெயர் இடத்தில் கோடு போட்டுவிட்டால் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று. அண்ணனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. என் பிள்ளைக்குப் பெயர் இருக்கிற இடத்தில் கோடு போடுவதா என்று கேட்டு அந்த மனுஷனிடம் பேச்சையே நிறுத்திவிட்டார்.

நானும் தொண்டை வற்றக் கத்தினேன். பதில் எப்போதும் ஒன்றுதான்: "வருவாரு லா."

அக்கா கத்தவில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் நான் ஒருநாள் மிளகாய்த் தூள் கேட்டுப் பின்பக்கமாகப் போனபோது, அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "வசந்தி, ஆ காட்டு" என்றாள். பிள்ளையும் வாயைத் திறந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா சட்டென்று எழுந்து வந்தாள். வெளியே சொல்லாதே என்று கையைப் பிடித்தாள். வாசல் பக்கம் பாப்பா, அடுப்படியில் வசந்தி. அந்தச் சின்னதுக்கும் எது எங்கே என்று தெரிந்திருந்தது.

கடைசியில் மாநாடு வந்தது. நாடு முழுக்க உள்ள ரசிகர் மன்றங்கள் கோலாலம்பூரில் கூடுகின்றன, நடிகர் நிச்சயமாக வருகிறார், பிரிக்ஃபீல்ட்ஸில் மண்டபம் எடுத்தாகிவிட்டது. அண்ணன் தூங்கினாரா சாப்பிட்டாரா தெரியாது. பாப்பாவுக்கு அப்போது நாலு வயது நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் கவுன், மஞ்சள் ரிப்பன், காலுக்குப் புதுச் சப்பாத்து. அக்கா வரவில்லை என்றாள், காரணம் சொல்லவில்லை. பெண் பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தால் ஒரு பொம்பளை வேண்டாமா என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கிளம்புகிற நேரம் அக்கா பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். நான் பத்திரமாக இரு என்று சொல்வதாக நினைத்துக்கொண்டேன்.

காலை ரயில். எங்கள் பெட்டி முழுக்க மன்றத்து ஆட்கள். சுருட்டிய பேனரைப் பலகை இருக்கையில் படுக்க வைத்துவிட்டு அண்ணன் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார். பிள்ளை என் மடியில். பாடாங் ஜாவா தாண்டும் வரை ஜன்னலில் மாடு பார்த்தது, பத்து தீகா ஸ்டேஷன் வருவதற்குள் என் புடவையில் காலையில் குடித்த மைலோவை வாந்தி எடுத்தது. அவர் தன் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டார், பிறகு மண்டியிட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்தார். மேடையில் ஏறினால் அழக் கூடாது. கால்களைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அவர் தூக்கினால் மூக்கை நோண்டக் கூடாது. பெயர் சொன்னதும் சிரிக்க வேண்டும்.

பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அவரு நம்ம மாமாவா?" என்று கேட்டது.

"மாமாவுக்கும் மேல" என்றார்.

எனக்கே அன்றைக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு பெயர் வந்துவிட்டால் நாளைக்கே பதிவு இலாகாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம், அபராதம் கட்டினாலும் பரவாயில்லை, தொலையட்டும் என்று கணக்குப் போட்டேன். பெட்டாலிங் தாண்டியதும் அவர் கண்ணாடி இல்லாமல் ஜன்னலைப் பார்த்தே தலை வாரிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஸ்டேஷனிலிருந்து மண்டபம் வரை வெயிலில் நடை. உள்ளே நுழைந்தால் கசகசவென்று ஜனம், மல்லிகைப்பூ, வியர்வை. நடிகர் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பவுடர் வியர்வையில் கரைந்து, களைத்துப்போய் இருந்தார், ஆனாலும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். பெயர் வைக்கிற வரிசையில் எல்லாம் கைக்குழந்தைகள். வாங்குவார், ஒரு பெயரைச் சொல்வார், திருப்பிக் கொடுப்பார். பெண் குழந்தை என்றால் தமிழ் என்று தொடங்குகிற ஒரு பெயர், ஆண் என்றால் வேறொன்று. நடந்து போன பிள்ளை எங்களுடையது ஒன்றுதான். சொல்லிக் கொடுத்தபடி காலைத் தொட்டது. அவர் குனிந்து தூக்கினார். கைக்குழந்தையாக இருந்திருந்தால் பெயரைச் சொல்லியிருப்பார். இது கால் தொங்குகிற பிள்ளை. எந்த மனுஷனும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார். ஒலிபெருக்கியை அதன் வாய்ப் பக்கம் பிடித்து, உன் பேர் என்னம்மா என்றார்.

அண்ணன் இதை மட்டும் பாடத்தில் சேர்க்கவில்லை.

"வசந்தி" என்றது பிள்ளை, மண்டபமே கேட்கும்படி.

"வசந்தி. நல்ல பேரு" என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டி இறக்கிவிட்டார். கூட்டம் கை தட்டியது. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் தொண்டர் படைப் பையன் ஒருவன் அவரை முதுகில் தள்ளி மறுபக்கப் படிக்கட்டில் இறக்கிவிட்டான். அடுத்த குழந்தை மேடையில் ஏறியாகிவிட்டது. அண்ணன் படிக்கட்டுக்குக் கீழே அப்படியே நின்றார். நான்தான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும் ரயிலில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. பிள்ளை தூங்கிவிட்டது. நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். நல்ல பெயர் என்று தலைவர் வாயாலேயே வந்துவிட்டதே, இதைவிட என்ன வேண்டும், நாளைக்கே போய்ப் பதிந்துவிடுங்கள் என்றேன்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அவரு வெக்கலையே. கேட்டாரு, அவ்வளவுதான். வெச்சதும் கேட்டதும் ஒண்ணாகுமா?"

"அப்ப என்னதாண்ணே செய்யப் போறீங்க?"

"அடுத்த தடவ வருவாரு லா."

எனக்கு ரயிலை விட்டுக் குதித்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் குழாயடியில் அக்கா குடத்தை வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான்தான் சொல்லச் சொன்னேன். யாரு பேரு கேட்டாலும் சத்தமா சொல்லுன்னு. அவரு வாயால அந்தப் பேரு வந்துட்டா இவரு ஏத்துக்குவாருன்னு நெனச்சேன்" என்றாள்.

வந்ததே. அவர் வாயால் வரத்தானே செய்தது. இருந்தும் பிரயோஜனம் இல்லை. அண்ணன் வீட்டில் சத்தம் போடவில்லை, யார் வைத்த பெயர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், பலகைச் சுவர்தானே. ஆனால் அன்றிலிருந்து அக்காவும் அடுப்படியில் பாப்பா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். இருந்த ஒரு பெயரும் போய்விட்டது.

நடிகர் அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. வயதாகிப் படங்கள் குறைந்தன. மன்றத்தில் இருந்தவர்கள் பூச்சோங், சுபாங் ஜெயா என்று வீடு வாங்கிப் போனார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அண்ணன் கிளைச் செயலாளராகவே இருந்தார். தமிழ்ப்பள்ளித் தலைமை ஆசிரியர் இரக்கப்பட்டுப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார், பத்திரம் பிறகு கொண்டுவாருங்கள் என்று. பதிவேட்டில் பாப்பா என்றே எழுதிக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஐசி எடுக்கிற வயது வந்தபோது இது மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. இடைநிலைப் பள்ளியில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். நல்லாப் படிக்கிற பிள்ளை, சொன்னால் வயிறு எரிகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐசி இல்லாதவள் என்று மற்றவர்களுக்குக் கொடுப்பதில் பாதிதான் கொடுத்தார்கள். போலீஸ் சோதனை என்றால் பின்கதவு வழியாக ஓடவேண்டும். அக்கா சர்க்கரை வியாதியில் கால் போய், பிறகு உயிரும் போய்ச் சேர்ந்தாள்.

தொண்ணூறுகளில், அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு பையன் வந்தான். நல்ல பையன், பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை வேலை. ஆனால் அவன் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்தைப் பதிய முடியாது, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இதே கதைதான், பத்திரம் எடுத்துக்கொண்டு வா, பேசலாம் என்று. அதற்காகத்தான் பதிவு இலாகாவுக்குப் போனோம். பிறந்ததைப் பார்த்தவள் என்று என்னையும் சாட்சிக்குக் கூட்டிப் போனாள். மூன்று பேரும் கிள்ளானிலிருந்து பஸ்ஸில். அண்ணன் ஓய்வு பெற்று, முடி கொட்டி, பல் போய், கிழவர் ஆகிவிட்டிருந்தார்.

முகப்புக் கவுண்டரில் இருந்தது ஒரு மலாய்க்கார அம்மாள், பொறுமையாகத்தான் பேசினார். பெயர் கேட்டார். வசந்தி என்றாள். அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் கேட்கவேண்டியதைக் கேட்டார். ஏன் இத்தனை வருஷமாகப் பதியவில்லை?

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் எல்லாரோடும் மலாய் பேசியவர், நன்றாகவே சொல்லியிருப்பார். மாநாடு, மேடை, தலைவர் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து ஆரம்பித்திருப்பார். அதுதான் உண்மை, ஆனால் அதை அந்த முகப்பில் யார் நம்புவார்கள்? பிள்ளையை எங்கேயோ வாங்கி வந்து கதை விடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் வசந்தி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இதெல்லாம் செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை என்று மலாயில் அவளே சொன்னாள்.

மன்றத்து அறிக்கையெல்லாம் முத்து முத்தாக எழுதுகிற மனுஷன். அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, ஆமாம், எனக்குப் படிப்பு இல்லை என்று தலையாட்டினார். கையெழுத்துப் போடும் இடத்தில் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார்கள். கட்டை விரலை அழுத்தினார்.

அதற்கும் பலன் இல்லை. மருத்துவச்சி எங்கே என்று கேட்டார்கள். கிழவி மகனோடு ஊருக்குப் போய் அங்கேயே செத்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது? இல்லை. பள்ளிக்கூடத்துச் சீட்டில் பாப்பா என்று இருக்கிறது, இங்கே வசந்தி என்கிறீர்கள், இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி? நான் என் கண்ணால் பார்த்தேன், நான்தான் குளிப்பாட்டினேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார், எழுதியும் கொண்டார். மனுவை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் இதை நம்பி எந்தக் காரியத்தையும் முடிவு செய்ய வேண்டாம் என்று வசந்தியிடம் மெதுவாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். அண்ணன் விரலில் இருந்த மையைக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் ஏதாவது பேசிவிடுவேன்.

"தலைவருக்கு விஷயம் தெரியாதும்மா" என்றார். "தெரிஞ்சா விட்டுருவாரா?"

எனக்கு அந்த மனுஷனை அங்கேயே நாலு அறை விடவேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டும் செய்யவில்லை. வசந்தி கைக்குட்டையை வாங்கி மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"விட மாட்டாருப்பா" என்றாள்.